சுயபுத்தியின்மேல் சாயாமை: கடவுளைச் சார்ந்து வாழ்தல் பற்றி ஓர் எளிய விளக்கம்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு கிறிஸ்தவ வீட்டின் விறாந்தையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால், சுவர் நாட்காட்டியிலோ சட்டம் போட்ட வசன அட்டையிலோ நீதிமொழிகள் 3 ஆம் அதிகாரம் 5 ஆம் வசனம் கண்ணில் படுவதற்கு நிறையவே வாய்ப்பு உண்டு. "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல், உன் முழு இருதயத்தோடும் கர்த்தரில் நம்பிக்கையாயிருந்து" என்று அது தொடங்கும். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் அதே வசனம் "உன் சொந்த அறிவாற்றலைச் சார்ந்து நில்லாதே" என்று இருக்கும். பிள்ளைகள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். பெரியவர்கள் பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் தலையில் கைவைத்துச் சொல்வார்கள். ஆனால் இதன் பொருள் என்ன என்று நின்று கேட்பவர்கள் குறைவு.

திடப்படுத்தல் வகுப்பில் நான் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு நாள், உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி அதைக் கேட்டாள். "சேர், சுயபுத்தியில சாயக் கூடாது எண்டா, நான் படிக்காம ஜெபம் மட்டும் பண்ணினாக் காணுமா?" வகுப்பு சிரித்தது. அவள் பகிடிக்குத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். ஆனால் கிறிஸ்தவ வாழ்க்கையைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளில் மிக அடிப்படையானவற்றுள் அது ஒன்று என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. இந்தக் கட்டுரை அந்தப் பதிலின் மீதி.

முதலில் "சாய்தல்" என்ற சொல்லைப் பார்ப்போம். எபிரேய மூலத்தில் இவ்விடத்தில் இருக்கும் வினைச்சொல், ஒருவர் கோலின்மீதோ இன்னொருவருடைய கையின்மீதோ தன் பாரத்தைப் போட்டு ஊன்றுவதைக் குறிப்பது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அதைச் "சாய்தல்" என்றும் "சார்தல்" என்றும் பெயர்த்தது மிகவும் பொருத்தமான தெரிவு. கைத்தடி ஊன்றிக் கோயிலுக்கு வரும் ஒரு முதியவரை நினைத்துப் பாருங்கள். நடப்பவர் அவர்தான், கால்களும் அவருடையவைதான், தடி அவருக்குப் பதிலாக நடப்பதில்லை. ஆனால் உடம்பின் பாரம் தடியின்மீது இருக்கிறது. தடி முறிந்தால் அவர் விழுவார். எது முறிந்தால் நாம் விழுவோமோ, அதன்மீதுதான் நாம் சாய்ந்திருக்கிறோம். வேதாகமம் இந்த உவமையை நேராகவே கையாளுகிறது. எருசலேமை முற்றுகையிட வந்த அசீரியத் தளபதி, எகிப்தின் உதவியை நம்பியிருந்த யூதாவின் அரசன் எசேக்கியாவுக்கு அவனுடைய ஆட்கள் மூலம் சொல்லியனுப்பும்போது, எகிப்து ஒரு நெரிந்த நாணற்கோல் என்றும், அதன்மேல் சாய்கிறவனுடைய உள்ளங்கையிலேயே அது குத்தி உருவும் என்றும் ஏளனம் செய்கிறான். எதிரி சொன்ன சொல்லென்றாலும் நல்ல உவமை.

ஆக, வசனம் கேட்பது புத்தியைப் பயன்படுத்துகிறாயா இல்லையா என்பதை அன்று. அதே நீதிமொழிகள் நூல் புத்தியைச் சம்பாதிக்கும்படி பக்கத்துக்குப் பக்கம் சொல்கிறது. எறும்பைப் போய்ப் பார்த்துப் படி என்று சோம்பேறியை விரட்டுவதும் அந்நூலே. உன் முழுப் பாரமும் எதன்மேல் நிற்கிறது என்பதே இங்குள்ள கேள்வி.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் ஒரு நெருடல் வருவது இயல்பு. "தன் கையே தனக்கு உதவி" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" என்ற குறள் நம் பாடசாலைச் சுவர்களில் எழுதியிருக்கிறது. தன்னம்பிக்கை பற்றிக் கருத்தரங்குகள் நடக்கின்றன. போரும் கடல்கோளும் கண்ட ஒரு மாகாணத்தில், விழுந்தவர்களை எழுப்பி நிறுத்துவதற்கு அந்தச் சொல் உதவியிருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. கிறிஸ்தவம் இதற்கு எதிராக நின்று, உன்னால் ஒன்றும் ஆகாது, ஒதுங்கி உட்கார் என்று சொல்கிறதா?

சொல்லவில்லை. மேடையில் பேசக் கூச்சப்படும் பிள்ளையிடம் "உன்னால் முடியும்" என்று சொல்லும் தன்னம்பிக்கைக்கும், "என்னை நான் பார்த்துக்கொள்வேன், எனக்கு எவரும் தேவையில்லை, கடவுளும் கூட" என்ற தற்சார்புக்கும் நிறைய தூரம் உண்டு. முன்னையது ஒரு மனநலம். பின்னையதைத்தான் வேதாகமம் கண்டிக்கிறது, அதுவும் அது ஒரு கணக்குப் பிழை என்ற அடிப்படையில். இந்தக் கணக்குப் பிழை என்னவென்று காட்டுவதற்கு, நம் ஊர் வயலைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியவில்லை.

வயலும் வானமும்

என் அம்மப்பாவுக்குப் படுவான்கரையில் இரண்டு ஏக்கர் மானாவாரி வயல் இருந்தது. குளத்து வாய்க்கால் எட்டாத மேட்டு வட்டை அது. புரட்டாசி மாதத்தில், வெயில் இன்னும் நெருப்பாய்க் காயும் நாளில், அங்கே புழுதி விதைப்பு நடக்கும். உழுது போட்ட மண் காலை வைத்தால் கணுக்கால்வரை மாவாய் எழும்பும். அவர் இடுப்பில் கடகத்தை அணைத்துக்கொண்டு, வலது கையால் அள்ளி வீசி விதைத்துக்கொண்டே போவார். நெல் விழும் சத்தம்கூடக் கேட்காது. புழுதி அதை விழுங்கிவிடும். திரும்பி வரும்போது அவருடைய முழங்காலுக்குக் கீழே ஒரே செம்மண் நிறமாய் இருக்கும். எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போவதை நான் குந்தியிருந்து பார்த்துவிட்டு, "மழை வராட்டி என்ன செய்யிற அம்மப்பா?" என்று ஒருமுறை கேட்டேன். "வானம் நம்மட கையில இல்ல மனே, புழுதிதான் நம்மட கையில இருக்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

அந்த இரண்டு ஏக்கரில் அவர் உழைத்த உழைப்பு வாய்க்கால் தண்ணீர் பாயும் வயற்காரரின் உழைப்புக்கு ஒரு துளியும் குறைந்ததில்லை. வரம்பு கட்டினார், களை பிடுங்கினார், காவலுக்குப் பரணில் படுத்தார். ஆனால் ஐப்பசியில் மழை வராவிட்டால் இவை எல்லாம் வீண் என்பது ஒவ்வொரு நாளும் அவருக்குத் தெரிந்திருந்தது. உழைப்பு கையில், பாரம் வானத்தில்.

உபாகமம் 11 ஆம் அதிகாரத்தில் ஏறத்தாழ இதே ஒப்பீடு வருகிறது. இஸ்ரவேலர் விட்டுவந்த எகிப்து நைல் நதியின் நாடு. அங்கே அவர்கள் கீரைத்தோட்டத்துக்குப் பாய்ச்சுவதுபோலத் தம் காலால் நீர் பாய்ச்சினார்கள். போய்ச் சேரவிருக்கும் கானான் நாடோ மலைகளும் பள்ளத்தாக்குகளும் உள்ளது, "வானத்தின் மழைத்தண்ணீரைக் குடிக்கும் தேசம்". வேளாண்மைக் கண்ணால் பார்த்தால் இது ஒரு நட்டம்: நிச்சயமான ஆற்று நீரை விட்டு, வருமோ வராதோ என்ற மழைக்குப் போவது. ஆனால் மோசே அதை ஓர் ஆசீர்வாதமாகச் சொல்கிறார். கடவுளுடைய கண்கள் வருடத்தின் தொடக்கம் முதல் முடிவுவரை அந்த நிலத்தின்மேல் இருக்கும் என்கிறார். மானாவாரி நிலத்தில் வாழ்கிறவன் வானத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. அதுதான் அதன் நன்மை.

இதை வகுப்பில் சொன்னபோது, அம்பாறைப் பக்கத்துப் பையன் ஒருவன், "எங்கட வயலுக்குக் குளத்துத் தண்ணிதான் சேர், மழை பெய்யாட்டியும் பிரச்சினையில்ல," என்றான். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து வயல்களுக்கு இங்கினியாகலையில் உள்ள சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து வாய்க்கால் வழியாக நீர் வருகிறது. வயல்களுக்கு நீர் பங்கிடும் பொறுப்பாளரான வட்டவிதானை முறை வைத்துத் திறந்துவிட்டால் வயல் நிறைகிறது. அவன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அந்தக் குளம் எதனால் நிறைகிறது என்று நான் கேட்டேன். அவன் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சிரித்தான்.

நான் சொல்ல வந்த கணக்குப் பிழை இதுதான். குளத்தை நம்பும் உழவனும் மழையால்தான் வாழ்கிறான். நடுவே ஓர் அணைக்கட்டும் ஒரு மதகும் ஒரு வட்டவிதானையும் இருப்பதால் அது அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. சம்பளம், ஓய்வூதியம், காப்புறுதி, வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் மகன், நல்ல உடம்பு, கூர்மையான மூளை எல்லாம் குளங்கள்தான். குளம் வெட்டுவது பாவமில்லை, நல்ல காரியம். குளத்தில் நிற்கும் நீரைத் தானே உண்டாக்கியதாக நினைப்பதுதான் பிழை. உபாகமம் 8 ஆம் அதிகாரம் இந்த நினைப்புக்கு ஒரு வாசகமே கொடுத்துவைத்திருக்கிறது: "என் சாமர்த்தியமும் என் கையின் பெலமும் இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது." அடுத்த வசனம், சம்பாதிப்பதற்கான பெலனைக் கொடுத்தது யார் என்று நினைவூட்டுகிறது. சம்பாதித்தது நீ இல்லை என்று அது சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சம்பாதித்த கை எங்கிருந்து வந்தது என்பதே அதன் கேள்வி.

ஆசா என்ற அரசன்

கடவுளைச் சார்வதற்கு உதாரணம் கேட்டால் நம் பிரசங்கிகள் தாவீதையும் கோலியாத்தையும் சொல்வார்கள். எனக்கு அதைவிட 2 நாளாகமம் 14 முதல் 16 வரையுள்ள அதிகாரங்களில் வரும் ஆசா அரசனின் கதை பயனுள்ளதாகத் தோன்றுகிறது. ஒரே மனிதன் இரண்டு விதமாகவும் வாழ்ந்த கதை அது.

யூதாவை ஆண்ட ஆசா தன் ஆட்சியின் ஆரம்பத்தில் நாடு அமைதியாக இருந்த காலத்தைப் பயன்படுத்தி அரணான பட்டணங்களைக் கட்டினான். மதில்களும் கோபுரங்களும் எழுப்பினான். யூதாவில் மூன்று லட்சம், பென்யமீனில் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் என்று படைவீரரைத் திரட்டினான். அதாவது, செய்யக்கூடியதையெல்லாம் செய்துவைத்தான். பிறகு எத்தியோப்பியனான சேரா, பத்து லட்சம் பேருடனும் முந்நூறு இரதங்களுடனும் வந்தபோது, ஆசா மதில்களை எண்ணிக்கொண்டு நிற்கவில்லை. பலமுள்ளவனுக்கும் பலனற்றவனுக்கும் உதவிசெய்வது உமக்கு இலேசான காரியம் என்றும், "உம்மைச் சார்ந்து" இந்தக் கூட்டத்துக்கு எதிராக வந்தோம் என்றும் ஜெபித்தான். நீதிமொழிகளில் "சாயாமல்" என்று வரும் அதே எபிரேய வினைச்சொல்தான் இந்தச் "சார்ந்து" என்பதும். படையும் இருந்தது, பாரம் படைமேல் இல்லை. வென்றான்.

ஆட்சியின் 36 ஆம் வருடத்தில் மறுபடி ஒரு நெருக்கடி வருகிறது, முன்னதைவிடச் சிறியது. வடக்கே இஸ்ரவேலின் அரசன் பாஷா, ராமாவைக் கட்டி எல்லைப் பாதையை அடைக்கிறான். இம்முறை ஆசா ஜெபித்ததாக ஒரு வரியும் இல்லை. ஆலயக் கருவூலத்திலிருந்தும் அரண்மனையிலிருந்தும் வெள்ளியையும் பொன்னையும் எடுத்து, தமஸ்குவிலிருந்த சீரிய அரசன் பெனாதாத்துக்கு அனுப்பி, பாஷாவைப் பின்னாலிருந்து தாக்கச் சொல்கிறான். கவனியுங்கள், திட்டம் பலித்தது! பாஷா பின்வாங்கினான். அவன் கட்டிக்கொண்டிருந்த கற்களையும் மரங்களையும் எடுத்துவந்து ஆசா வேறு இரண்டு பட்டணங்களைக் கட்டினான். எந்த அரசியல் விமர்சகரும் பாராட்டியிருக்கக்கூடிய வெற்றி. அந்த நேரத்தில்தான் அனானி என்ற ஞானதிருஷ்டிக்காரன் வந்து, நீர் கர்த்தரைச் சார்ந்துகொள்ளாமல் சீரியாவின் ராஜாவைச் சார்ந்துகொண்டீர் என்கிறான். ஆசாவுக்குக் கோபம் வந்தது. சொன்னவனைக் காவலில் போட்டான்.

இந்தக் கதையில் என்னை எப்போதும் நிறுத்திவைப்பது இரண்டு விடயங்கள். தற்சார்பு தோல்வியில்தான் வெளிப்படும் என்று நாம் நினைக்கிறோம். ஆசாவின் தற்சார்பு நன்றாகவே வேலை செய்தது. சரிவராத தற்சார்பை எவரும் சீக்கிரம் கைவிடுவார்கள், சரிவந்தது தான் ஆபத்து. மற்றது, அது இளமையில் வரவில்லை. பத்து லட்சம் பேரைக் கண்டு ஜெபித்த மனிதன், 36 வருட அனுபவத்துக்குப் பிறகு ஒரு எல்லைத் தகராறுக்கு ஜெபிக்க மறந்தான். இதை மற்றவர்களைப் பற்றி எழுதவில்லை. வேலை கிடைக்கும்வரை வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு ஒருநாள் தவறாமல் போனவன் நான். நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகு, மாதத்தில் ஒரு வெள்ளியானது, பிறகு அதுவும் நின்றது. கடவுளை மறுக்க வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. தேவை இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆசாவின் கடைசி வருடங்களைப் பற்றிய வசனம் மட்டக்களப்பாருக்குப் பழகிய ஒரு சொல்லோடு வருகிறது. 39 ஆம் வருடத்தில் அவனுக்குக் காலில் நோய் கண்டது. அந்த நோயிலும் அவன் கர்த்தரைத் தேடாமல் "பரிகாரிகளையே" தேடினான். நம் பக்கத்தில் நாட்டு வைத்தியரைப் பரிகாரி என்றுதான் இன்றும் சொல்வோம். இந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு, விசுவாசி மருந்து எடுக்கக் கூடாது என்று போதிப்பவர்கள் இருக்கிறார்கள். சீனி வியாதிக் குளிசையை நிறுத்திவிட்டு ஜெபத்தை மட்டும் நம்பச் சொல்லி, கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய கதைகளைக் கேள்விப்படாத ஊர் இல்லை. வசனம் அப்படிச் சொல்லவில்லை. ஆசா வைத்தியரிடம் போனது குற்றமாகச் சொல்லப்படவில்லை. வைத்தியரோடு தேடல் முடிந்துவிட்டது என்பதே குற்றம். பவுலோடு பயணம் செய்த லூக்காவே ஒரு வைத்தியர். கத்தோலிக்கர் வாசிக்கும் சீராக்கின் ஞானம் 38 ஆம் அதிகாரம், மருத்துவரை மதிக்கச் சொல்லி, மருந்தை நிலத்திலிருந்து படைத்தவர் ஆண்டவரே என்றும் சொல்கிறது. குளிசையைப் போடுங்கள், போடும்போது ஜெபியுங்கள். குளிசையும் ஒரு வாய்க்கால்தான்.

இதே விவாதம் திருச்சபை வரலாற்றில் ஒரு பெரிய சண்டையாகவும் நடந்திருக்கிறது. 5 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியஸ் என்ற துறவி, மனிதன் மனம்வைத்தால் தன் பலத்தாலேயே கடவுளின் கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும் என்ற வகையில் போதித்தார். வட ஆபிரிக்க ஆயரான அகுஸ்தீன், மனம்வைப்பதற்கே கிருபை வேண்டும் என்று எதிர்த்தார். கட்டளையிடுவதை நீரே தாரும், பிறகு விரும்பியதைக் கட்டளையிடும் என்ற அகுஸ்தீனின் ஜெபம் பெலாஜியஸுக்கு எரிச்சலூட்டியதாம். 418 ஆம் ஆண்டு கார்த்தேஜில் கூடிய சங்கம் அகுஸ்தீனின் பக்கம் நின்றது. இறையியல் படிக்க விரும்புகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். தொடக்க வாசகருக்கு இவ்வளவு போதும். பவுல் இந்தச் சிக்கலை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்: எல்லா அப்போஸ்தலரைவிடவும் அதிகமாகப் பாடுபட்டேன், ஆனாலும் நான் அல்ல, என்னோடிருந்த தேவகிருபையே அதைச் செய்தது. பாடுபட்டேன் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

நம்பியும் இழந்தவர்கள்

இவ்வளவும் சொன்ன பிறகு, நம் கரையோரத்தில் உள்ள எவரும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாவலடியிலும் கல்லடியிலும் பாண்டிருப்பிலும் திருக்கோவிலிலும் கடல் ஏறி வந்தபோது, ஜெபிக்கிற வீடு ஜெபிக்காத வீடு என்று அது பார்க்கவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். கடவுளைத் தேடி வந்த இடத்திலேயே இறந்தார்கள். அப்படியென்றால் சார்ந்திருந்து என்ன பயன்?

இந்தக் கேள்விக்கு விரைவாகப் பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. இழந்த குடும்பங்களிடம் விசுவாசக் குறைவு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அது கொடுமை, வேதத்துக்கும் ஒவ்வாதது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றிப் பேசும்போது, இறந்தவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, "அப்படியல்ல" என்று தாமே பதில் சொன்னார். ஒன்றை மட்டும் இங்கே தெளிவாக்கலாம். கடவுளைச் சார்ந்திருத்தல் என்பது பிரீமியம் கட்டிய காப்புறுதி அன்று. தானியேல் நூலில் அரசனின் சிலையை வணங்க மறுத்து எரிகிற சூளைக்கு முன் நின்ற மூன்று பேரும் அவனிடம், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று சொன்னதோடு நிறுத்தாமல், விடுவிக்காமற்போனாலும் உமது சிலையைப் பணியமாட்டோம் என்றார்கள். பாரத்தை அவர்மேல் வைத்திருந்தார்களே தவிர, விளைவை அவருக்கு நிபந்தனையாக வைக்கவில்லை. இதன் மறுபக்கமும் உண்டு: ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சாத்தான் வசனம் காட்டிச் சொன்னபோது இயேசு குதிக்கவில்லை. தேவனைப் பரீட்சை பாராதே என்றார். குதித்துவிட்டுத் தாங்கச் சொல்வது சார்தல் ஆகாது, கட்டாயப்படுத்தல்.

விளைவை நிபந்தனையாக வைக்காத சார்தலுக்கு, மட்டக்களப்பில் மெதடிஸ்த ஊழியம் தொடங்கிய கதையே சான்று. 1813 ஆம் ஆண்டின் இறுதியில் தோமஸ் கோக் என்ற மூத்த ஊழியர், இளம் மிஷனரிமாரோடு இங்கிலாந்திலிருந்து கப்பலேறினார். பயணத்துக்குத் தன் சொந்தப் பணத்தையே கொடுக்க முன்வந்தவர். அனுபவமும் செல்வாக்கும் அவரிடமே இருந்தன. 1814 மே 3 ஆம் திகதி, இந்து சமுத்திரத்தில், அவர் தன் அறையில் இறந்து கிடந்தார். உடல் கடலில் அடக்கம் செய்யப்பட்டது. முழுப் பயணமும் சாய்ந்திருந்த தடி முறிந்துவிட்டது. மற்றவர்கள் திரும்பிப் போகவில்லை. காலியில் இறங்கி, யார் எங்கே போவது என்று பிரித்துக்கொண்டபோது, மட்டக்களப்பு வில்லியம் ஓல்ட் என்ற இளைஞருக்கு வந்தது. அவருடைய மனைவியும் அதே கடற்பயணத்தில் இறந்திருந்தார். 1814 இல் இங்கே வந்து பாடசாலைகளைத் தொடங்கிய ஓல்ட், ஓராண்டு நிறையுமுன், 1815 இல் நோயால் இறந்தார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1814 இலிருந்தே எண்ணுகிறது. அங்கே படித்து வெளியேறிய ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவரையேனும் ஓல்ட் காணவில்லை. புழுதியில் விதைத்தவர் மழையைப் பார்க்கவில்லை.

அன்றாட வாழ்வில்

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று கேட்டால், பெரிய காரியங்களைவிடச் சின்னப் பழக்கங்களில்தான் இதைக் காண முடியும் என்பது என் கணிப்பு. வனாந்தரத்தில் இஸ்ரவேலர், கடவுள் வானத்திலிருந்து கொடுத்த உணவாகிய மன்னாவை அன்றன்றைக்குப் பொறுக்க வேண்டும். அடுத்த நாளுக்கு என்று ஒளித்துவைத்தது புழுப்பிடித்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்திய நாளில் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்கலாம்; அது கெடவில்லை. "அன்றன்றுள்ள எங்கள் அப்பத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற ஜெபம் இதே பள்ளிக்கூடத்துப் பாடம். சேமிக்கக் கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. யோசேப்பு எகிப்தில் ஏழு வருடத் தானியத்தைச் சேமித்துப் பஞ்சத்தைச் சமாளித்தவன். நாளையைப் பற்றிய பயம் கையை மூடிக்கொள்ளச் செய்யும் இடத்தில்தான் சேமிப்பு தற்சார்பாகிறது.

யாக்கோபு தன் நிருபத்தில், நாளைக்கு இன்ன பட்டணத்துக்குப் போய் வியாபாரம் செய்து இலாபம் சம்பாதிப்போம் என்று பேசுகிறவர்களிடம், ஆண்டவருக்குச் சித்தமானால் என்று சேர்த்துச் சொல்லும்படி சொல்கிறார். காத்தான்குடியிலும் மருதமுனையிலும் நம் முஸ்லிம் அயலவர்கள் ஒரு சின்ன வேலையை ஒப்புக்கொள்ளும்போதும் "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்வதைக் கேட்டால், இந்தப் பாடத்தில் அவர்கள் நம்மைவிட நல்ல மாணவர்கள் என்று எனக்குப் படுவதுண்டு. நாமோ திருமண அழைப்பிதழில் "தேவ சித்தத்தால்" என்று அச்சடிப்பதோடு விட்டுவிடுகிறோம்.

திட்டமிடலும் ஜெபமும் எதிரிகள் என்று நினைப்பவர்களுக்கு நெகேமியா 4 ஆம் அதிகாரத்தைக் காட்டுவேன். எருசலேம் மதிலைக் கட்டும்போது எதிரிகள் மிரட்டினார்கள். "எங்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி", இரவும் பகலும் காவல் வைத்தோம் என்று அவர் எழுதுகிறார். ஜெபமும் காவலும் ஒரே வாக்கியத்தில். வரிசையைப் பாருங்கள், ஜெபம் முன்னால் இருக்கிறது. நம்மில் பலர் முடிவை எடுத்துவிட்டு, காணிக்கும் முற்பணம் கொடுத்துவிட்டு, அதன்பிறகு போதகரைக் கூட்டிவந்து ஜெபம்பண்ணக் கேட்கிறோம். அது அனுமதி கேட்பது அன்று, முத்திரை கேட்பது.

இன்னொன்று, பிறரிடம் உதவி கேட்கும் பழக்கம். கடவுளை மட்டும் சார்ந்திருக்கிறேன், மனிதரிடம் கைநீட்டமாட்டேன் என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்பதற்குப் பக்தியாகத்தான் இருக்கும். பல வேளைகளில் அது பக்தி உடுத்திய ரோசம். சிறையில் இருந்த பவுல் பிலிப்பி சபையார் அனுப்பிய உதவியை வாங்கிக்கொண்டார், நன்றியும் எழுதினார். கடவுளின் உதவி பெரும்பாலும் பக்கத்து வீட்டு வேலியைத் தாண்டித்தான் வருகிறது. அதை வாங்கத் தெரியாதவனுக்கு, மேலிருந்து வருவதையும் வாங்கத் தெரியாது.

அந்த மாணவிக்கு நான் அடுத்த கிழமை சொன்னது இதுதான்: படி, நன்றாகப் படி. படிக்கத் தொடங்குமுன் ஜெபி. பரீட்சை முடிந்த பிறகு, பெறுபேறு வரும்வரை நித்திரை கொள்ள முடிகிறதா என்று பார். நீ எதன்மேல் சாய்ந்திருந்தாய் என்று அப்போது உனக்கே தெரியும். அவள் இம்முறை சிரிக்கவில்லை. "அப்ப பெயிலானா, சேர்?" என்று கேட்டாள். அதற்கு அம்மப்பாவின் கதையின் மீதியைச் சொன்னேன்.

நான் எட்டாம் வகுப்புப் படித்த வருடம் முதல் மழை ஒருநாள் தூறிவிட்டுப் போனது. விதை முளைத்தது, பிறகு மூன்று கிழமை வெயில். முளைத்ததெல்லாம் கருகியது. அம்மப்பா கடனுக்கு விதைநெல் வாங்கி மறுபடி விதைத்தார், பாதி நிலத்தில் மட்டும். அறுவடை கடனுக்கே சரியாகப் போனது. அவ்வருட அறுப்பின் பண்டிகைக்கு எல்லோரும் நெல்லும் வாழைக்குலையும் கோழியுமாகக் கொண்டுவந்து கோயிலை நிறைத்தபோது, அவர் வீட்டு வேலியில் காய்த்த ஒரு பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். ஆராதனைக்குப் பிறகு ஏலம் நடந்தது. பூசணிக்காய் வந்தபோது கேட்க ஆளில்லை. அந்த வருடம் எல்லா வேலியிலும் பூசணி காய்த்திருந்தது. அவரே கைதூக்கிக் கேட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் காசு மாறி, சந்தை விலைக்கு மேலே கொடுத்து அதை எடுத்தார். தன் காயைத் தானே காசு கொடுத்து வாங்கி வந்த மனிதர் உலகத்தில் உண்டா என்று அம்மம்மா ஏசிக்கொண்டே அதை வெட்டினார். விதையைக் கழுவிச் சுளகில் பரப்பிக் கூரையில் காயவைத்தது மட்டும் அம்மப்பா.